மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால்

என் நாத்தனார் அன்றைக்குக் குத்திய குத்தில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. கால் ஊன்றியது சரி, இடுப்பைத் திருப்பியது சரி, முழங்கை கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. முஷ்டி அந்தத் தடியனின் மூக்கை நோக்கிப் பாய்ந்து, மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் போய் அப்படியே நின்றது. எங்கள் தற்காப்புக் கலைப் பயிற்சியில் அப்படித்தான் நிற்க வேண்டும். இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். நின்றது.

தடியன் முதலில் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை என்று தெரிந்ததும் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"அவ்வளவுதானா? நல்லா இருக்கே! இன்னொரு தடவ காட்டு" என்று அவள் கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். உதறிக்கொண்டு ஓடிவந்ததில் சட்டைக் கை தோளோடு கிழிந்துவிட்டது. அதைத் தைத்துக்கொண்டேதான் நான் கதை கேட்டேன். வண்டிகளுக்கு சீட் உறை தைப்பது என் தொழில் என்பதால் ஊசி எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

"அண்ணி, நான் நிறுத்தல. கை அதுவா நின்னுடுச்சு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

அவளுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். பிறந்தபோது சுண்டெலி அளவுக்கு இருந்தாளாம், அவள் அண்ணன் வைத்தது. இப்போது எங்கள் வீட்டு நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம், ஆனால் பெயர் மட்டும் வளரவில்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. தோளில் பை, கையில் ஒரு சின்ன மெஷின், மாதம் ஒரு சுற்று. எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்காமலே கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு துணிக்கடைக்குப் பின்னால் இருக்கிற நாலு மாடிக் கட்டடம் மட்டும்தான் தொல்லை. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அந்தத் தடியனுக்கு வேலை வெட்டி எதுவும் கிடையாது. படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பான். மீட்டர் பெட்டிகளோ ஒவ்வொரு மாடியிலும் படி ஏறும் இடத்தில்தான் இருக்கின்றன. முதலில் காலை நீட்டி வழியை மறித்தான், அப்புறம் வாய்க்கு வந்ததைச் சொன்னான், அன்றைக்குக் கையைப் பிடித்தான்.

போலீஸில் போய்ச் சொன்னோம். "யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. சரி, எழுதி வச்சுட்டுப் போங்க என்றார்கள். அவளுடைய சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், ஆனால் வழவழா கொழகொழா ஆசாமி.

"உனக்கு ஆபீஸ்லயே உக்காந்து பாக்கற வேலை தரேம்மா. அந்த ஏரியாவப் புதுசா சேந்திருக்கற பொண்ணுக்குக் குடுத்துடலாம். அடுத்த சுத்துக்குள்ள யோசிச்சு சொல்லு."

சுண்டு வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "உள்ள உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் அண்ணி. அது கூடப் பரவால்ல. அந்தப் புதுப் பொண்ணு என் தோளுக்குக்கூட வர மாட்டா. நான் ஒதுங்கிட்டா அவளதான் அந்தப் படியில ஏத்தி விடுவாங்க. நான் போயே ஆகணும். ஆனா என் கையை நான் நம்ப மாட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். அடுத்த சுற்று வருவதற்குள் அவளுக்கு அந்தக் கை திரும்ப வேண்டும்.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் கடைக்கு மேலே மாடியில், எங்கள் வீட்டை ஒட்டி இருக்கும் பயிற்சிக்கூடம் இவருடையது. ஊருக்கு இவர் மாஸ்டர். கோப்பைகள் ஒரு அலமாரி நிறைய. எல்லாம் யாரையும் தொடாமல் வாங்கிய கோப்பைகள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு கதை சொல்வார். இந்தக் கலையை உருவாக்கிய பெரியவர், எதிரியின் தொண்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் முஷ்டியை நிறுத்தினாராம். அந்தக் கருணையைப் பார்த்து எதிரி காலில் விழுந்துவிட்டானாம். இந்தக் கதையை நான் கேட்ட தடவைகளுக்கு எனக்கே ஒரு கோப்பை தரலாம்.

தங்கைக்கு நடந்ததைக் கேட்டதும் இவர் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

"நிறுத்தின தூரம் சரியா இருந்துச்சா?"

நான் கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினேன். வைக்காமல் பேசியிருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் போயிருக்கும்.

"ஏங்க, அவன் மூக்குல இடிக்கணும்னு தானே அவ கை நீட்டுனா?"

"நம்ம கலை கருணையோட கலை. அடிக்கறதுக்கு எதுக்குப் பயிற்சி? ரவுடி கூட அடிப்பான்."

"கருணையெல்லாம் அவன் மூக்குக்கு. உங்க தங்கச்சி கைக்கு ஒண்ணும் கிடையாதா?"

கோபித்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்றார். மறுநாள் காலையிலேயே பசி ஜெயித்துவிட்டது. நான் அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தேன். லாரி சீட்டுக்கு வைக்கிற தடித்த ரெக்ஸினை நீளமாக வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, உள்ளே கிழிந்த துணியும் தேங்காய் நாரும் பஞ்சும் திணித்து, ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டை செய்தேன். கூடத்தின் உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டேன். இவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலை வகுப்புக்கு வந்த பெண்களை வரிசையாக நிற்க வைத்து, "அடிங்க" என்றேன்.

அன்று நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! முதலில் வந்தது பல் டாக்டர். வருடக்கணக்காக வருகிறவர், பல் பிடுங்கிப் பிடுங்கிக் கையில் நல்ல பலம். காற்றைக் கிழித்துக்கொண்டு கை போயிற்று. மூட்டைக்கு முன்னால் நின்றது. "சாரி" என்றார், மூட்டையிடம். அடுத்து பேக்கரிக்காரம்மா. அவருக்கும் நின்றது. எல்லாரையும் தள்ளிக்கொண்டு நான் போனேன். ஒருநாளைக்குப் பாதி நேரம் ரெக்ஸினோடு மல்லுக்கட்டுகிற கை இது. நானே தைத்த மூட்டை, அதற்கு வலிக்காது என்று எனக்குத் தெரியும். என் கையும் நின்றது. மூட்டை அசையாமல் தொங்கிக்கொண்டு எங்களையெல்லாம் பார்த்தது. சிரித்துச் சிரித்துச் சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சுண்டு மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கூடத்தில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால் இவர். மூட்டைக்கு எதிரில் நிற்கிறார். ஓங்குகிறார், நிற்கிறது. மூச்சை இழுத்து விடுகிறார், ஓங்குகிறார், நிற்கிறது. மனிதர் முகத்தில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் தூக்கி அதன்மேல் போட்டார். குத்து விழுந்தது. மணிக்கட்டு மடங்கி, "அம்மா!" என்று உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்த முஷ்டி எதையும் தொட்டதே இல்லை, முதல் தடவையே லாரி சீட்டைத் தொட்டால் எப்படித் தாங்கும்?

பல் டாக்டர்தான் வந்து கட்டுப் போட்டார். "நான் பல்லுக்குத்தான் டாக்டர் மாஸ்டர், இருந்தாலும் சுளுக்குன்னு தெரியுது" என்றவர், கட்டிக்கொண்டே சொன்னார். "ஒண்ணு சொல்லட்டுமா? முஷ்டியே வேண்டாம். சண்டையில வாயில குத்தி, பல்லு கிழிச்சு, விரல் வீங்கிப்போய் வர்றவங்கள நான் பாத்திருக்கேன். மனுஷன் பல்லு அவ்வளவு அழுக்கு. உள்ளங்கையோட அடிப்பகுதி இருக்கே, இந்த மேடு, இதால தள்ளி அடிச்சா கைக்கு ஒண்ணும் ஆகாது."

இவர் தன் இன்னொரு கையைத் திருப்பி அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் போன் போட்டார். இவருக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் காலமாகிவிட்டார். அவருடைய மகள் வேறு ஊரில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறார். "அக்கா, அப்பா காலத்துல எப்பவாவது மூட்டையில அடிச்சுப் பழகினாங்களா?" என்று கேட்டார். நான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். இந்த மாதிரி விஷயத்தில் நான் வெட்கப்படுவதில்லை.

"அடிக்காம என்ன?" என்றது அந்தக் குரல். "முதல்ல முற்றத்துல மணல் மூட்டை தொங்கும். அடிச்சுக் கத்துவாங்க பாரு, தெருவே அதிரும். அப்புறம் வாடகைக்கு ஒரு மாடிய எடுத்தாங்க. இவங்க குத்தற குத்துல கீழ்வீட்டு அம்மாவோட அடுப்புல இருந்த பாத்திரத்துல சுண்ணாம்பு உதிருது. அந்த அம்மா கரண்டியோட ஏறி வந்துட்டாங்க. அன்னைக்கு இறக்குனதுதான் மூட்டைய. சத்தம் போடக் கூடாது, எதையும் தொடக் கூடாதுன்னு வீட்டுக்காரர் கண்டிஷன்."

"அப்ப பெரியவர் கருணையால நிறுத்தினாருன்னு..."

"அதுவா? போட்டியில தொட்டா மார்க் போயிடும்னு ஆனப்புறம் எங்கப்பா கட்டிவிட்ட கதை. நல்லா இருந்துச்சு இல்ல?"

இவர் போனை வைத்தார். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்தது இவர்தான். சுளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "கரண்டியோட ஏறி வந்தாங்களாம்!" இருபது வயதில் இவரிடம் எனக்குப் பிடித்திருந்த சிரிப்பு அது. அன்றைக்கு மறுபடியும் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு இவரை நிறுத்த முடியவில்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் அதைச் சரிசெய்வதிலும் மாஸ்டர்தான். மூட்டையின் முன்பக்கத்தைப் பார்க்காதே, பின்பக்கம் நிற்கிறவரைத் தள்ளப் போகிறேன் என்று நினைத்துக்கொள் என்றார். மூட்டைக்குப் பின்னால் தானே போய்த் தோளைக் கொடுத்து நின்றார். அடிக்கும்போது வயிற்றிலிருந்து கத்தச் சொன்னார். பேக்கரிக்காரம்மா முதல் தடவை "தொடாதே!" என்று கத்தியதில், கீழே டயர் கடைக்காரர் இரும்புக் கம்பியோடு ஓடிவந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை, நாங்கள் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

மூட்டை ஆட ஆரம்பித்தது. ஒவ்வொருத்தராகத் தொட்டார்கள், பிறகு தள்ளினார்கள், பிறகு அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மற்றவர்கள் கைதட்டினார்கள். சுண்டுவும் மூட்டையை நன்றாகவே அடித்தாள். சங்கிலி கிரீச்சிட்டது. ஆனால் எதிரில் ஒரு மூஞ்சி வந்தால் போதும், கை பழையபடி நின்றது. நான் சீட்டுக்கு வைக்கிற ஸ்பாஞ்சில் கெட்டியாக ஒரு கோட்டு தைத்து, பைக் ஹெல்மெட்டின் முன்பக்கமும் ஸ்பாஞ்ச் ஒட்டிக் கொடுத்தேன். இவர் அதைப் போட்டுக்கொண்டு எதிரில் நின்றார். அண்ணனின் கண்ணைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

"நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட உள்வேலையே குடுங்கன்னு சொல்லிடறேன்" என்றாள். மறுநாள் காலையில் அந்தக் கட்டடத்தின் சுற்று. அவள் குரலில் சண்டையே இல்லை.

"கழட்டுங்க அந்தக் கோட்ட" என்றேன் இவரிடம்.

கோட்டைப் போட்டுக்கொண்டேன். ஹெல்மெட்டை மாட்டினேன். கூடத்துக்கு வெளியே படிக்கட்டுக்குப் போய், மேல்படியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சுண்டுவைக் கீழிருந்து ஏறி வரச் சொன்னேன். மற்றவர்கள் கதவருகே நின்றார்கள். அவள் ஏறி வந்தாள். நான் எழுந்து வழியை மறித்தேன். நல்ல வார்த்தை பேசினால் நடக்காது என்று எனக்குத் தெரியும்.

"வந்துட்டியா? எங்க, அந்த வித்தைய இன்னொரு தடவ காட்டு!"

அவள் முகம் வெளுத்தது. "அண்ணி, வேண்டாம்."

"அண்ணியா? இங்க எவடி உன் அண்ணி? நீ வரலன்னா போ. அந்தக் குட்டையா ஒண்ணு புதுசா சேந்திருக்காமே, அவ வரட்டும்" என்று அவள் கையைப் பிடித்து முறுக்கினேன்.

"தொடாதே!" என்ற சத்தம்தான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் கூடத்துக்குள் மல்லாக்க விழுந்து கிடந்தேன். ஹெல்மெட்டுக்குள் மணி அடித்தது. மேலே பார்த்தால் பல் டாக்டரின் முகம், பக்கத்தில் இவர் முகம், எல்லாவற்றுக்கும் மேலே சுண்டுவின் முகம்.

"அண்ணி! அண்ணி, அடி பட்டுடுச்சா?"

"பட்டுச்சுடி!" என்று படுத்தபடியே கத்தினேன். "நல்லாவே பட்டுச்சு!"

அவள் என்மேலேயே விழுந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். பேக்கரிக்காரம்மா கூடத்தைச் சுற்றி ஒரு ஆட்டமே போட்டார். அடி வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நானாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை சுண்டு கிளம்பும்போது எங்கள் இருவரையும் பார்த்து விரலை நீட்டினாள். "யாரும் பின்னாடி வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினோம். அவள் தெருமுனை திரும்பியதும் கிளம்பினோம். நானாவது கொஞ்சம் யோசித்தேன், இவர் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

கட்டடத்துக்குள் நாங்கள் நுழையும்போது அவள் இரண்டாவது மாடியை முடித்திருந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறினோம். கைப்பிடிக் கம்பிகளின் இடுக்கு வழியாக மேலே பார்த்தால், தடியன் படியில் உட்கார்ந்திருக்கிறான். அவளைப் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

"அட, குத்துச்சண்ட வீராங்கனை!" என்றான். எழுந்து நின்று மீட்டர் பெட்டிக்கு முன்னால் சாய்ந்துகொண்டான்.

"தள்ளி நில்லு" என்றாள் சுண்டு. மெஷினைப் பைக்குள் வைத்தாள்.

"நிக்கலன்னா?"

"தள்ளி நில்லு!" இந்தத் தடவை அது வயிற்றிலிருந்து வந்தது. நாலு மாடியிலும் எதிரொலித்தது. எங்கோ ஒரு தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. தடியன் ஒரு நொடி தயங்கினான். பிறகு பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே அவள் கையை எட்டிப் பிடித்தான். மூஞ்சியை அவளுக்கு நேராக நீட்டி, "எங்க, நிறுத்திக் காட்டு பாப்போம்" என்றான்.

இவர் பாய்ந்து ஓடப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அது சுளுக்கின கை. மனிதர் கத்தாமல் வாயைப் பொத்திக்கொண்டார், அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

"தொடாதே!"

உள்ளங்கை போயிற்று. எங்கும் நிற்கவில்லை. மூக்கைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் இருக்கிற சுவரைத் தள்ளப் போவது போலப் போயிற்று. பொத்தென்று ஒரு சத்தம். தடியன் பிடித்த கையை விட்டான், சுவரில் மோதினான், அப்படியே சறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. சுண்டு அவனை இன்னொரு அடி அடிக்கவில்லை. இரண்டடி பின்னால் போய், கைகளை உயர்த்தி வைத்துக்கொண்டு, "எழுந்திருக்காத!" என்று கத்தினாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"இவ என்ன அடிச்சிட்டா! பாருங்க, சும்மா இருந்தவன அடிச்சிட்டா!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பாடு போட்டான்.

"நான் பாத்தேன்" என்றது ஒரு குரல். மூன்றாவது மாடியில் எதிர்க்கதவு திறந்திருந்தது, அங்கே ஒரு அம்மா கையில் துடைப்பத்தோடு நின்றார். "நீதான் முதல்ல கையைப் பிடிச்ச. நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்று மேல்மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். இடுப்பில் குழந்தை. "ஸ்டேஷன்ல வந்து சொல்றேன். குப்பை கொட்டறதுக்குக்கூட இவன் தூங்கற நேரம் பாத்துதான் நான் கீழ இறங்குவேன்." இரண்டாவது மாடிக்காரி எங்களைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினாள். அவளும் வருவதாகச் சொன்னாள். அவளுக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. எல்லாருக்கும் இருந்தது. நான் போன் போட்டு, போலீஸ் வருகிறவரை அந்தப் பெண்கள் அவனைச் சுற்றி நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நாலு மாடிக்கும் அதிகாரம் பண்ணினவன் துடைப்பத்துக்குப் பயந்து மூலையில் ஒடுங்கியிருந்தான்.

சுண்டு அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய நின்றோம்.

"சத்தியம் பண்ணீங்களே ரெண்டு பேரும்?"

இவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். தங்கையின் முன்னால் இரண்டு கையையும் கூப்பிக் குனிந்தார். கூடத்தில் மாணவர்கள்தான் அவருக்கு அப்படிச் செய்வார்கள். அவர் யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

"நகரு அண்ணா" என்றாள். "மீட்டர மறைக்கற."

நகர்ந்தார். அவள் மெஷினை எடுத்து மீட்டரைப் பார்த்தாள், குறித்துக்கொண்டாள். போலீஸிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நாலாவது மாடிக்கும் ஏறிப் போய் வேலையை முடித்துவிட்டு வந்தாள். கீழே இறங்கியதும் சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டு, உள்வேலை வேண்டாம், என் ஏரியா எனக்கே இருக்கட்டும், அந்தப் புதுப் பொண்ண மட்டும் சாயங்காலம் எங்க வகுப்புக்கு அனுப்புங்க சார் என்றாள். அவர் வழக்கம்போல இழுத்தார் போலிருக்கிறது. "அனுப்புங்க சார்" என்று இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை அவர் இழுக்கவில்லை.

"வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கா? இன்னும் பாதித் தெரு பாக்கி இருக்கு அண்ணி. நீங்க ரெண்டு பேரும் போங்க, செருப்பப் போட்டுக்கிட்டு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவின் நடுவில் நடந்தாள். அடுத்த வீட்டு வாசலில் நின்று, "மீட்டர்!" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரலைக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். கடைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், இவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் திரும்பாமலே கையை உயர்த்தி ஆட்டிவிட்டு, அந்த வீட்டுக்குள் போனாள்.